எங்கள் அலுவலகத்துக் கழிவறை

அரசு வேலை கிடைத்துவிட்டால் பெண்ணுக்கு வாழ்க்கையில் வேறு கவலையே இருக்காது என்பது என் அப்பாவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காகத்தான் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். அசோக் நகர் நூலகத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்து, இரண்டு முறை கோட்டைவிட்டு, அதற்கடுத்த முறை தேறினேன். இளநிலை உதவியாளர். கலந்தாய்வில் சென்னையே கிடைத்தது. அம்மா அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

எந்தத் துறை என்று சொல்ல வேண்டியதில்லை. தி. நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றின் முதல் மாடியில் எங்கள் அலுவலகம். போன முதல் நாள் கண்காணிப்பாளர் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஒரு மேசையைக் காட்டினார். “கட்டடம், தளவாடம், தபால். இது மூணும் உங்க சீட்டு” என்றார். அதாவது கூரை ஒழுகினாலும் நாற்காலி உடைந்தாலும் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டியது நான். வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் பதிந்து உரியவரிடம் கொடுக்க வேண்டியதும் நான்.

அலுவலகத்தில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண் இருந்தார். தட்டச்சர். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாகவே இருந்தது. அதிர்ந்து பேசாதவர். மதியம் ஆகும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

“மேடம், லேடீஸ் டாய்லெட் எங்க இருக்கு?”

தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே சொன்னார்: “நம்ம ஆபீஸ்ல கிடையாதுடி.”

“கிடையாதா?”

“இருக்கு. பூட்டியிருக்கு.”

“சாவி?”

“சாவியும் இருக்கு. தொறந்தாலும் உள்ள போக முடியாது.”

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன் அந்தக் கழிவறையில் குழாய் வெடித்திருக்கிறது. சரிசெய்யும்வரை இருக்கட்டும் என்று பூட்டினார்கள். பூட்டிய அறை சும்மா கிடக்கிறதே என்று உடைந்த நாற்காலிகளை உள்ளே போட்டார்கள். அப்புறம் பழைய கணினிகள், துருப்பிடித்த பீரோ, ஓடாத ஜெனரேட்டர். அலுவலக உதவியாளர் ஒருநாள் எனக்காகக் கதவைத் திறந்து காட்டினார். திருவல்லிக்கேணிக்காரர். நாற்காலிக் கால்கள் வாசல்வரை நீட்டிக்கொண்டிருந்தன.

“இன்னா மேடம், இதுக்குள்ள எலியே சைடு வாங்கித்தான் போவுது” என்றார்.

ஆண்களுக்கான கழிவறை நடைபாதைக் கோடியில் நன்றாகவே இருந்தது. அதிகாரி அறையோடு சேர்ந்து இன்னொன்று. அவர் இருக்கும்போது போக முடியாது. அவர் வெளியூர் போனால் அறையே பூட்டியிருக்கும்.

“அப்ப நீங்க என்ன பண்றீங்க மேடம்?”

“ஆத்துலேர்ந்து கிளம்பறச்சே போயிட்டு வருவேன். சாயங்காலம் ஆத்துக்குப் போனப்புறம்தான் மறுபடி. நடுவுல தண்ணி குடிக்கறதில்ல. பழகிடும்.”

பழகிடும். அந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் கடைசியில் இந்த ஒரு சொல்லில்தான் வந்து நிற்பார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பெருங்குடி அலுவலகத்தில் குழாய்க்கு நேரே கையை நீட்டினால் தண்ணீர் தானாக வரும். அதைப் போய் இங்கே சொல்ல முடியுமா? “அப்ப அங்கேயே இருந்திருக்கலாமே” என்பார்கள்.

எனக்குப் பழகவில்லை. இரண்டாவது நாளே தெருமுனையைத் தாண்டி ஒரு பெரிய புடவைக் கடைக்குள் நுழைந்தேன். மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவுக்குப் பின்னால், வாடிக்கையாளர்களுக்கென்று சுத்தமான கழிவறை. தினமும் பதினொரு மணிவாக்கில் அங்கே போய்வருவது வழக்கமானது. பட்டுப் பிரிவில் நின்ற ஒரு பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தென்காசிப் பக்கம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை.

“புடவை பாக்க வரலன்னு முதல் நாளே தெரியும்க்கா. நீங்க பாட்டுக்குப் போங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ” என்றாள்.

ஆனால் சொன்னார்கள். மாடி மேற்பார்வையாளர் ஒருநாள் படிக்கட்டில் மறித்தார். “மேடம், டெய்லி வர்றீங்க, ஒண்ணும் எடுக்க மாட்டேங்கறீங்களே, என்ன தேடறீங்க?” என்று சிரித்த முகத்தோடுதான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே வந்து ஒரு உள்பாவாடை வாங்கினேன். அதிலிருந்து அவர் கண்ணில் படும்போதெல்லாம் ஒரு உள்பாவாடை. வீட்டில் அம்மா அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “எதுக்குடி இத்தனை? கடை வைக்கப் போறியா?” என்றாள். அரசு வேலைக்குப் போன மகள் எதற்காக உள்பாவாடை சேர்க்கிறாள் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. கடைக்குள் நுழைவதே பெரும்பாடு. மேலே கழிவறைக்கு வரிசை. திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கண்காணிப்பாளர் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தினமும் இந்த நேரத்துக்கு எங்கம்மா போறீங்க?”

“டாய்லெட்டுக்கு சார்.”

அவர் உடனே மின்விசிறியைப் பார்த்தார். “அதுக்கு வெளிய போகணுமா?”

“உள்ள எங்க சார் இருக்கு?”

மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கவே இல்லை. “ஒரு குறிப்பு எழுதி வையுங்க. உங்க சீட்டுதானே?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் சீட்டுதான். அன்றைக்கே எழுதினேன். ‘பொருள்’ என்ற இடத்தில், பெண்கள் கழிவறையைப் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்று போட்டேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டுப் பேனாவால் பொருளைத் திருத்தினார். ‘முதல் தளக் கிழக்கு அறையைச் சீரமைத்தல்’ என்று ஆக்கினார்.

“டாய்லெட்னு எழுதினா படிக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்கும்மா.”

கிழக்கு அறை பற்றிய கோப்பு புறப்பட்டது. கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து பதில் வந்தது: அறையைக் காலிசெய்து கொடுத்தால் மதிப்பீடு தயாரிக்கலாம். காலிசெய்ய வேண்டும் என்றால் உடைந்த பொருட்களை இனி உதவாதவை என்று எழுதிக் கழிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு குழு வந்து பார்வையிட வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பொருட்களை விசாலமான வேறு இடத்தில் அடுக்கிவைத்தபின் குழு வரும் என்றார்கள். கண்காணிப்பாளரிடம் போனேன்.

“வேற இடம் எங்கம்மா இருக்கு? இடம் இல்லாமத்தானே அங்க போட்டோம்?”

“மொட்டை மாடி இருக்கே சார்.”

“மழை பெஞ்சு நனைஞ்சா யார் பொறுப்பு?”

உடைந்த நாற்காலி நனைவதைப் பற்றி அவருக்கு இருந்த கவலையை நினைத்து அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போனேன். இவ்வளவும் போதாதென்று, சில வாரங்கள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். மேற்படி கிழக்கு அறை தற்போது எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்று கேட்டிருந்தார்கள். கழிவறை என்ற சொல்லை அடித்துவிட்ட பிறகு யாருக்குத்தான் தெரியும்? அதற்கும் நான்தான் பதில் தயாரித்தேன். தட்டச்சர் அதை அடித்துக்கொண்டே, “நன்னா எழுதறே. ஆனா ஒண்ணும் நடக்காது” என்றார். அவர் குரலில் எரிச்சல்கூட இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

மழைக்காலம் போய் மறுபடி வெயில் வந்தது. பங்குனி வெயிலே அந்த வருடம் சித்திரை போலக் காய்ந்தது. ஒருநாள் மதியம் தட்டச்சர் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. அந்த வெயிலிலும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகை நிமிர்த்த முடியவில்லை.

“ஒண்ணுமில்லடி. இந்த லெட்டரை முடிச்சுட்டுக் கிளம்பறேன்.”

நான் கேட்கவில்லை. அலுவலக உதவியாளர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். “நீ போ மேடம், நான் சாருக்குச் சொல்லிக்கிறேன். அம்மா மூஞ்சே சரியில்ல” என்று கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். மயிலாப்பூரில் அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்கே போனோம்.

மருத்துவர் இளம்பெண். என் வயதுதான் இருக்கும். சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம்வரை தொற்று ஏறியிருக்கிறது, உடனே சேர வேண்டும் என்றார்.

“ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?”

தட்டச்சர் முந்தானையைச் சரிசெய்தார். நான்தான் சொன்னேன், பகலில் குடிப்பதே இல்லை என்று.

“ஏன்? ஆபீஸ்ல பாத்ரூம் இல்லையா?”

“இருக்கு” என்றார் தட்டச்சர், தரையைப் பார்த்துக்கொண்டே. “பூட்டியிருக்கு.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ. “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். அரசு வேலை என்று மெதுவாகச் சொன்னேன். எத்தனையோ பேர் பொறாமைப்படும் வேலை. அம்மா தேங்காய் உடைத்த வேலை.

தட்டச்சரின் மகன் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை நான் கூட இருந்தேன். கையில் ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருக்க, அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்: “இத்தனை வருஷமா நான் சமத்துன்னு நெனச்சுண்டிருந்தேன்டி. யாரையும் தொந்தரவு பண்ணாம இருக்கேன்னு.”

மருத்துவ விடுப்பு முடிந்து அவர் திரும்பி வந்தபோது முகம் வற்றியிருந்தது. கையில் ஒரு பெரிய எவர்சில்வர் பாட்டில். மேசைமேல் வைத்தார். கண்காணிப்பாளர் வந்து நலம் விசாரித்தார்.

“உடம்பு தேவலையா மேடம்? நல்லா ரெஸ்ட் எடுங்க. அந்த ஃபைலுக்கு ரிமைண்டர் போடச் சொல்லியிருக்கேன்.”

“சந்தோஷம் சார்” என்றார் தட்டச்சர். பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். அவர் அலுவலகத்தில் தண்ணீர் குடித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்தரை மணி இருக்கும். எழுந்தார். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நடைபாதையில் நேராக நடந்தார். ஆண்கள் கழிவறைக்கு முன்னால் போய் நின்றார். அலுவலக உதவியாளர் அங்கே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள யாராவது இருக்காளா?”

“கணக்கு சார் கீறாரும்மா.”

“வெளில வரச் சொல்லு.”

அலுவலக உதவியாளர் குடத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். “சார், சீக்கிரம் வா சார். அம்மா நிக்கிறாங்க.”

“எந்த அம்மா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கணக்குப் பிரிவு உதவியாளர் ஈரக் கையோடு வெளியே வந்து, தட்டச்சரைப் பார்த்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். தட்டச்சர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அலுவலகத்தில் ஒரு தலைகூடக் குனிந்திருக்கவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“ஒரு தாள்ல ‘பெண்கள்’னு அடிச்சுக் குடுடி. பெரிய எழுத்துல.”

“நிஜமாவா மேடம்?”

“நானே அடிப்பேன். என் பிரின்டர்ல மை தீர்ந்துபோச்சு. மை கேட்டுப் போட்ட இன்டென்ட் உன் சீட்டுலதான் நிக்கறது.”

அது உண்மை. அடித்துக் கொடுத்தேன். அலுவலக உதவியாளர் பசையோடு தயாராக நின்றார். “நான் ஒட்றேன் குடு. கோணலா பூடப் போவுது” என்று கதவின் நடுவில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளர் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“என்ன மேடம் இது? ஆம்பளைங்க எல்லாம் எங்க போறது?”

தட்டச்சர் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார். குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

“நாங்க இத்தனை வருஷமா எங்க போனோமோ அங்க போங்கோ சார். கஷ்டமா இருந்தா தண்ணி குடிக்காதேங்கோ. பழகிடும்.”

நான் கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கண்காணிப்பாளர் தாளைக் கிழிக்கச் சொல்லி அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டார். அவர் தபால் கொடுக்கப் போயிருந்தார். அன்று முழுக்க அவருக்கு வெளிவேலை முடியவே இல்லை. தானே போய்க் கிழிக்கக் கண்காணிப்பாளருக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பெண்மணி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கிழிப்பார்?

அதற்கடுத்த நாட்கள் வேடிக்கையானவை. ஆண்கள் கும்பலாக டீக்கடைக்குப் போனார்கள், தாமதமாகத் திரும்பினார்கள். பொதுமக்கள் வந்து காத்திருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். ஒருநாள் நான் வழியில் அந்தப் புடவைக் கடைப் பெண்ணைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு வெளியே வந்திருந்தாள்.

“உங்க ஆபீஸ் அட்டையைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஒரு சார் நேத்து மூணாவது மாடிக்கு வந்தாருக்கா. கண்ணாடி, வழுக்கை. முகூர்த்தப் பட்டு காட்டுங்கன்னு சொல்லிட்டு நேரா பின்னால போயிட்டாரு.”

எங்கள் அலுவலகத்தில் கண்ணாடியும் வழுக்கையும் கண்காணிப்பாளர் ஒருவருக்குத்தான்.

அந்த வாரமே கிழக்கு அறை காலியானது. குழு வரவில்லை, உத்தரவு வரவில்லை, ஒரு குறிப்புகூட இல்லை. ஒரு காலையில் நான்கு பேர் வந்து நாற்காலி, பீரோ எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மதியம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு குழாய்க்காரர் வந்தார். பார்த்துவிட்டு, “இந்த ஒரு முழம் பைப்புக்கா இத்தினி நாளு பூட்டி வெச்சிக்கினு இருந்தீங்க?” என்றார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ கோபம்தான். ஒரு முழம் குழாய். அதற்காக நான் எழுதிய குறிப்புகள், நினைவூட்டல்கள், திருத்திய பொருள்கள். அதற்காக ஒரு பெண்மணியின் சிறுநீரகம். ஒரே நாளில் முடியும் என்று அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். அவர்களுக்கு அவசரம் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கழிவறைக் கதவில் புதிய பலகை மாட்டிய மறுநாள் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி அலுவலகக் கதவில் அறிவிப்பு ஒட்டியதற்கும், அலுவலக அச்சுப்பொறியைத் தவறாகப் பயன்படுத்தியதற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தபால் என் சீட்டு என்பதால் அதை நானே பதிந்து, எனக்கு நானே வழங்கி, பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்திட்டேன். அதைத் தட்டச்சு செய்தவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

“என்ன மேடம், நீங்களே அடிச்சீங்களா?”

“வேற யார் அடிப்பா? ஒட்டச் சொன்னது நான்தான்னு எழுதித் தரேன், என் பேரையும் சேர்த்துக்கோங்கோன்னு சொன்னேன். சூப்பரின்டென்டென்ட் மாட்டேன்னுட்டார். ரிட்டயர் ஆற நேரத்துல வேண்டாம், பென்ஷன் நின்னுடும்னார். ‘அறிவிப்பு’க்கு வல்லின றி போட்டிருக்கணும், அதுகூடத் தெரியல. திருத்திட்டேன்.”

கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், “ஃபார்மாலிட்டிம்மா. மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டு வரி எழுதிக் குடுங்க, முடிச்சிடலாம்” என்றார்.

இரண்டு வரி எழுதவில்லை. நடந்ததை எல்லாம் எழுதினேன். கழிவறை என்ற சொல்லை எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் எழுதினேன். அதிகாரி அதைப் படித்தாரா என்று தெரியாது. இனிவரும் காலத்தில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார் என்று ஒரு வரியில் உத்தரவு வந்தது. ஊதிய உயர்வு நிற்கவில்லை, அந்த மட்டில் நீ அதிர்ஷ்டசாலி என்றார் அப்பா. வீட்டில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதத்தை எழுதினால் இன்னொரு கோப்பு ஆகும்.

மே மாதக் கடைசியில் தட்டச்சர் ஓய்வு பெற்றார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் மாதாந்திர ஆய்வுக் கூட்டம். எங்கள் அலுவலகத்தின் சாதனைகளில் ஒன்றாக, பெண் பணியாளர் நலன் கருதித் துரித நடவடிக்கை மூலம் கழிவறை புதுப்பிக்கப்பட்டது என்று கண்காணிப்பாளர் வாசித்தாராம். மேலிடத்தில் பாராட்டினார்களாம். திரும்பி வரும்போது ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தார். ஒவ்வொரு மேசையாக நீட்டிக்கொண்டு வந்து, என்னிடமும் நீட்டினார்.

“எடுத்துக்கோங்கம்மா. உங்க சீட்டு வேலைதானே.”

பெட்டியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. தட்டச்சர் பக்கத்திலிருந்து கையை நீட்டி இரண்டாக எடுத்து, ஒன்றை என் கையில் வைத்தார். நெய் நன்றாகவே விட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் அடுத்த மேசைக்குப் போகும்வரை நாங்கள் இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டே தின்றோம்.